வீட்டுக் கடன் தீரவில்லை, விவாகரத்து நடக்கிறது: வன்னியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் பக்கங்களில் கணவன் மனைவி பிரிகிறார்கள் என்றால் முதலில் எழும் கேள்வி, "உறுதி யார் பேரில்?" என்பதுதான். "கடனுக்குக் கையெழுத்து வைத்தது யார்?" என்பதைப் பெரும்பாலும் வங்கிக் கடிதம் வீட்டு வாசலுக்கு வந்த பிறகே கேட்கிறார்கள். கீழே உள்ளவை அந்த இரண்டாவது கேள்வியைச் சுற்றியவை. பொதுச் சட்டத்தின் கீழ்ப் பதிந்த திருமணங்களை மனதில் வைத்தே எழுதியிருக்கிறோம். முஸ்லிம் திருமணங்களின் விவாகரத்து காதி நீதிமன்றத்தில் தனிச் சட்டப்படி நடக்கும். ஆனால் வங்கி, ஈடு, காணிப் பதிவகம் பற்றிச் சொல்வது அவர்களுக்கும் பொருந்தும்.

வீட்டை மனைவி பேருக்கு எழுதிக் கொடுத்தாயிற்று. இனிக் கடனும் அவருடையதுதானே?

இல்லை. உறுதி வேறு, கடன் வேறு. உறுதி காணி யாருடையது என்று சொல்கிறது. கடன் ஒப்பந்தம் வங்கிக்குக் காசு திருப்பித் தருவதாக வாக்குக் கொடுத்தவர் யார் என்று சொல்கிறது. நொத்தாரிசு முன்னால் எத்தனை உறுதி முடித்தாலும், வங்கி எழுத்தில் விடுவிக்கும்வரை கையெழுத்து வைத்தவர் கடனாளிதான்.

மறுபக்கமும் உண்டு. ஈடு காணியோடு ஒட்டியது. காணி யார் பேருக்குப் போனாலும் ஈடும் கூடவே போகும். ஆகவே எழுதிக் கொடுத்த கணவர் கடனிலிருந்து தப்பவில்லை, எழுதி வாங்கிய மனைவியும் ஏலத்திலிருந்து தப்பவில்லை. இருவருக்கும் கெட்டது இந்த நிலைதான். ஆனாலும் அவசரத்தில் அதிகம் பேர் போய் விழுவது இதில்தான்.

போதாததற்கு, வங்கி ஈட்டு உறுதிகளில் "வங்கியின் எழுத்துச் சம்மதம் இன்றிக் கைமாற்றக் கூடாது" என்ற நிபந்தனை வழக்கமாகவே இருக்கும். அதை மீறினால் முழுக் கடனையும் ஒரே தடவையில் கேட்கும் உரிமை வங்கிக்கு வந்துவிடலாம். மூல உறுதி வங்கிப் பெட்டகத்தில் இருக்கும்போது, பிரதியை மட்டும் வைத்து மாற்று உறுதி முடிக்கலாம் என்று யாராவது சொன்னால் அந்த இடத்தை விட்டு எழும்பிவிடுங்கள்.

நீதிமன்றமே "கடனைக் கணவர் கட்ட வேண்டும்" என்று கட்டளை போட்டால்?

அந்தக் கட்டளை கணவனையும் மனைவியையும் கட்டும். வங்கி அந்த வழக்கில் ஒரு தரப்பு அல்ல, அதனால் வங்கியைக் கட்டாது. கணவர் மூன்று தவணை தவறினால் வங்கி இணைக் கடனாளியான மனைவியிடம் தாராளமாக வரலாம். கிரிப் என்று எல்லோரும் சொல்லும் கடன் தகவல் பணியகத்தில் அந்தத் தவறல் இருவர் பேரிலும் விழும். மனைவி கட்டிவிட்டு, கட்டிய காசைக் கட்டளையை வைத்துக் கணவரிடம் அறவிட நீதிமன்றம் போகலாம். கட்டளையின் பயன் அங்கேதான்.

ஆகவே வெறும் "கட்டுவேன்" என்ற வாக்கோடு நிறுத்த வேண்டாம். குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 615 ஆம் பிரிவு, விவாகரத்துத் தீர்ப்போடு சொத்தை எழுதிக் கொடுக்கவும், மொத்தத் தொகை அல்லது மாதத் தொகை செலுத்தவும் கட்டளையிட நீதிமன்றத்துக்கு இடம் தருகிறது. அந்தத் தொகைக்கு அசையாச் சொத்தை ஈடாக வைக்கச் சொல்லவும் அதே பிரிவில் இடமுண்டு. கணவருக்கு வேறு இடத்தில் உறுதிக் காணியாக ஒரு வயல் இருந்தால், "தவணைக் காசுக்கு இந்த வயல் ஈடு" என்று கேளுங்கள். இதைச் சட்டத்தரணிகள் கேட்க மறந்துவிடுகிறார்கள்.

இருவருக்கும் சம்மதம். ஒரு கடிதம் எழுதி இருவரும் கையெழுத்து வைத்தால் போதாதா?

காணிக்குப் போதாது. 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடிகள் தடைக் கட்டளைச் சட்டப்படி, அசையாச் சொத்தைக் கைமாற்றுவதானால் நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் முன்னிலையில் உறுதி முடித்தாக வேண்டும். முத்திரை ஒட்டிய வெள்ளைத்தாளும் கோயிலில் வைத்துச் செய்த சத்தியமும் காணியை அசைக்காது.

இன்னொன்று. இலங்கையில் "இருவருக்கும் விருப்பம்" என்பது மட்டும் விவாகரத்துக்குக் காரணம் ஆகாது. 1907 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கத் திருமணப் பதிவுக் கட்டளைச் சட்டத்தின்படி, மணமான பிறகு நடந்த பிறர்மனை உறவு, வேண்டுமென்றே கைவிட்டுப் போதல், மணத்தின்போதே இருந்த தீராத ஆண்மைக்குறைவு ஆகியவற்றில் ஒன்றை நிறுவ வேண்டும். அதனால் "வழக்கை எதிர்க்காமல் விட்டால் வீட்டைத் தருகிறேன்" என்ற வரியை எந்த உடன்பாட்டிலும் எழுதாதீர்கள். இருவரும் கூடிச் செய்த ஏற்பாடு என்று நீதிமன்றம் கண்டால் வழக்கே கெட்டுப்போகும். சொத்து இணக்கம் தனியாக, அதன் சொந்தக் காரணங்களோடு நிற்கட்டும்.

எங்கள் காணி உறுதிக் காணி அல்ல, பேர்மிட் காணி. அதை மாற்றலாமா?

வன்னியில் முதலில் பார்க்க வேண்டிய விடயமே இதுதான். இரணைமடு, முத்தையன்கட்டு, விசுவமடு, பாவற்குளம் போன்ற குடியேற்றத் திட்டங்களில் பெரும்பகுதி, 1935 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ்ப் பேர்மிட்டாகவோ (அரச காணிக்கான அனுமதிப்பத்திரம்) அளிப்பாகவோ (அரசு வழங்கும் உரிமைப் பத்திரம்) கொடுக்கப்பட்டது. பேர்மிட் காணியைச் சும்மா ஒரு நன்கொடை உறுதியால் மனைவி பேருக்கு எழுத முடியாது. அளிப்புப் பத்திரம் கிடைத்த காணியென்றாலும் பிரதேச செயலாளரின் எழுத்துச் சம்மதம் முன்கூட்டியே வேண்டும். சம்மதமில்லாமல் செய்த கைமாற்றம் வெற்றுத்தாள். அப்படிப்பட்ட உறுதியை முடிக்கக் கூடாது என்று அதே சட்டம் நொத்தாரிசுக்கும் தடை போட்டிருக்கிறது.

நடைமுறையில், பிரதேச செயலகத்தின் காணிப் பிரிவுக்கு இருவரும் ஒன்றாகப் போவது நல்லது. மூலப் பத்திரம், அடையாள அட்டைகள், திருமணச் சான்றிதழ், வழக்கு இலக்கம், வங்கிக் கடன் இருந்தால் வங்கியின் கடிதம், கிராம அலுவலரின் வதிவிட உறுதிப்படுத்தல் எல்லாவற்றையும் ஒரே கோவையில் கொண்டு போங்கள். கள விசாரணை நடக்கும், அதற்கு நாளெடுக்கும். இந்தச் சம்மதம் கைக்கு வராமல் "இன்ன தேதிக்குள் மாற்றித் தருவேன்" என்று நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டால், பிறகு கட்டளையை மீறியவர் நீங்களாகத்தான் தெரிவீர்கள்.

பின்னுரித்தாளர் நியமனத்தையும், அதாவது காணிக்காரருக்குப் பிறகு காணி யாருக்கு என்ற பதிவையும் பாருங்கள். பேர்மிட்காரர் இறந்தால் வாழ்க்கைத் துணைக்குக் கிடைக்கும் உரிமை துணை என்ற நிலையைப் பற்றியது. விவாகரத்து இறுதியானால் அந்த நிலையே போய்விடும். வீட்டில் தொடர்ந்து இருக்கப் போவது மனைவியும் பிள்ளைகளும் என்றால், பிள்ளையின் பேரையாவது பின்னுரித்தாளராகப் பதிய முடியுமா என்று அப்போதே கேட்டுவிட வேண்டும். நியமனத்தைக் காணிக்காரர் பின்னால் மாற்றலாம் என்பதையும் மறக்க வேண்டாம்.

பேர்மிட் காணிக்கு வாங்கிய கடனில் ஈடு சரியாக எழுதப்படவில்லை என்கிறார்கள். அப்படியென்றால் கடன் இல்லையா?

ஈடு செல்லாமல் போகலாம், கடன் போகாது. காணியைத் தொட முடியாவிட்டால் வங்கி கடனாளியையும் பிணையாளிகளையும் தேடி வரும். சிறு வீட்டுக் கடன்கள் பல, காணி ஈடே இல்லாமல் இரண்டு பிணையாளிகளை வைத்துத்தான் கொடுக்கப்படுகின்றன.

போருக்குப் பின் கட்டிய வீடுகளைப் பற்றிய குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். இந்திய வீடமைப்புத் திட்டத்தில் குடும்பத்துக்குக் கிடைத்த 5 இலட்சத்து 50 ஆயிரம் ரூபாய் மானியம். அது கடன் அல்ல, பிரிக்கும்போது கடன் கணக்கில் சேராது. அந்த வீட்டோடு பிறகு அறை கட்டவோ கிணறு கட்டவோ எடுத்த காசுதான் கடன்.

வீடு மனைவியின் சீதனக் காணியில். கடன் கணவர் பேரில். இப்போது என்ன?

வடக்கில் இது மிகச் சாதாரணம். காணி மனைவியுடையது, சம்பளம் கணவருடையது, அதனால் கணவர் கடன் எடுக்க மனைவி காணியை ஈடு வைத்திருப்பார். வடமாகாணத்தில் நிலைகொண்ட தமிழருக்குப் பொருந்தும் வழக்காற்றுச் சட்டமான தேசவழமையில், 1911 ஆம் ஆண்டின் 1 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி சீதனம் மனைவியின் தனிச்சொத்து. விவாகரத்தால் அது கணவருக்குப் போகாது. ஆனால் ஈடு வைத்த கையெழுத்து அவருடையது. கணவர் கட்டாவிட்டால் வங்கி பார்ப்பது அந்தக் காணியைத்தான்.

இங்கே கேட்க வேண்டியது உறுதி மாற்றம் அல்ல, ஈடு விடுவிப்பு. கணவர் வேறு ஈடு வைத்து இந்தக் காணியை விடுவிக்கட்டும், அல்லது கடனைக் கட்டி முடிக்கட்டும். அதற்கு ஒரு தேதியும், தேதி தவறினால் என்ன என்பதும் இணக்கத்தில் வேண்டும்.

மணவாழ்க்கை நடக்கும்போது மனைவி தன் தனிக் காணியை விற்கவோ ஈடு வைக்கவோ கணவரின் எழுத்துச் சம்மதம் வேண்டும் என்கிறது அதே சட்டம். கணவர் நியாயமின்றி மறுத்தால் மாவட்ட நீதிமன்றத்தில் அனுமதி கேட்கலாம். மணத்துக்குப் பிறகு காசு கொடுத்து வாங்கிய காணி தேடியதேட்டம். அது யார் பேரில் எழுதப்பட்டிருந்தாலும் மற்றவரின் உரிமையைப் பேசாமல் விடக்கூடாது.

ஒரு எச்சரிக்கை: வன்னியில் இருக்கும் எல்லாத் தமிழருக்கும் தேசவழமை தானாகப் பொருந்தாது. மலையகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பங்களில், நிலையான குடியிருப்பு எது என்பது சாட்சியத்தால் நிறுவ வேண்டிய விடயம். தேசவழமைக்கு உட்பட்ட பெண் உட்படாத ஒருவரை மணந்தால், அந்த மணம் நீடிக்கும்வரை அவருக்கும் அது பொருந்தாது. இதைத் தீர்மானிக்காமல் பங்குக் கணக்குப் போடுவது அத்திவாரம் இல்லாமல் சுவர் எழுப்புவது போல.

பங்கைக் கணக்கிடுவது எப்படி?

வீட்டுப் பெறுமதியில் கடன் மீதியைக் கழித்து, மிச்சத்தைத்தான் பிரிக்க வேண்டும். வீடு 60 இலட்சம், கடன் மீதி 20 இலட்சம் என்றால் பிரிக்க இருப்பது 40. பாதிப்பாதி என்று உடன்பட்டால் ஒருவருக்கு 20. வீட்டை வைத்திருப்பவர் மற்றவருக்கு 20 இலட்சம் கொடுத்து, 20 இலட்சக் கடனையும் தன் தலையில் ஏற்க வேண்டும். பெறுமதியின் பாதி என்று 30 இலட்சத்தை வாங்கிக்கொண்டு, கடனையும் மற்றவரிடமே விட்டுப் போவது நியாயமான பங்கல்ல.

மீதி எவ்வளவு என்பதை மனக்கணக்கில் போடாதீர்கள். 30 இலட்சத்தை 14 வீத வட்டியில் 10 வருடத்துக்கு எடுத்தால் மாதத் தவணை ஏறத்தாழ 46,580 ரூபாய். ஐந்து வருடத்தில் கட்டி முடித்தது கிட்டத்தட்ட 27 இலட்சத்து 95 ஆயிரம். இத்தனை கட்டிய பிறகும் முதல்தொகையில் 20 இலட்சம் அப்படியே நிற்கும். பாதிக் காலம் போயும் கடனில் மூன்றில் ஒரு பங்குதான் குறைந்திருக்கிறது, ஏனென்றால் முதல் வருடத் தவணைகளை வட்டிதான் தின்னும்.

வங்கியிடம் எழுத்தில் கேளுங்கள்: மீதி முதல்தொகை, சேர்ந்த வட்டி, தண்ட வட்டி, முன்கூட்டியே தீர்ப்பதற்கான கட்டணம், இந்தத் தொகை எந்தத் தேதிவரை செல்லும். பெறுமதியாளரின் அறிக்கையில் சந்தைப் பெறுமதி, கட்டாய விற்பனைப் பெறுமதி (அவசரமாக விற்றால் கிடைப்பது) என்று இரண்டு இருக்கும். பங்குக்கு முதலாவதைப் பாருங்கள். புதிய கடன் எவ்வளவு கிடைக்கும் என்பதற்கு இரண்டாவதைப் பாருங்கள்.

கடனை முழுதாக ஒருவர் பேருக்கு மாற்ற என்ன வழி?

நல்ல வழி, வீட்டை வைத்திருப்பவர் தன் பேரில் புதுக் கடன் எடுத்துப் பழையதைத் தீர்ப்பது. மேலே சொன்ன 60 இலட்ச வீட்டுக் கணக்கில் மனைவிக்கு 40 இலட்சம் வேண்டும்: பழைய கடன் 20, கணவரின் பங்கு 20. 14 வீதம், 15 வருடம் என்றால் மாதம் ஏறத்தாழ 53,270 ரூபாய். அவருடைய சம்பளம் இதைத் தாங்குமா என்று வங்கி பார்க்கும். தாங்காதென்றால் வழக்கில் வீட்டைக் கேட்டுப் போராடுவதற்கு முன்பே இது தெரிந்திருக்க வேண்டும். வென்ற வீட்டை ஆறாம் மாதம் இழப்பதைவிட, விற்றுக் கடனைத் தீர்த்து மிச்சத்தைப் பிரிப்பது எவ்வளவோ மேல்.

இரண்டாவது வழி, அதே வங்கி அதே கடனில் ஒருவரை விடுவித்து மற்றவரோடு புது ஒப்பந்தம் எழுதுவது. வங்கி இதற்குக் கடமைப்பட்டதல்ல. இரண்டு சம்பளத்தைப் பார்த்துக் கொடுத்த கடனுக்கு ஒரு சம்பளம் போதும் என்று ஏன் ஒப்பவேண்டும் என்றுதான் கேட்பார்கள். புதிய பிணையாளியோ, ஒரு தொகையை முன்கூட்டிக் கட்டுவதோ அவர்களை இணங்க வைக்கலாம். அரச ஊழியர் சலுகை வட்டியில் எடுத்த கடன் என்றால், அரச ஊழியரல்லாத துணையின் பேருக்கு அதே சலுகையோடு போகும் என்று எண்ண வேண்டாம்.

கடனோடு கூடிய ஆயுள் காப்புறுதியும் இருக்கிறது. அது பழைய கடனாளியின் உயிருக்கு எழுதியது. கடன் பேர் மாறினால் காப்புறுதியும் புதிதாக வேண்டும்.

எதை முதலில், எதைப் பிறகு செய்வது?

முதலில் பதிவகத்தில் தேடுதல். காணிக்குரிய ஏட்டில் கொடுத்தவர், பெற்றவர், கைமாற்றத்தின் தன்மை, உறுதி இலக்கமும் தேதியும், நொத்தாரிசு பேர் என்று நிரல் நிரலாக இருக்கும். அந்த ஏட்டுப் பக்கம் நிறைந்தால் வேறு ஏட்டுக்குக் கொண்டு செல்லப்பட்டதாக ஒரு குறிப்பு எழுதியிருப்பார்கள். அந்த ஒற்றை வரியைக் கவனிக்காமல் பழைய ஏட்டோடு தேடலை நிறுத்துவதால்தான் "ஈடு ஒன்றும் இல்லை" என்ற பிழையான பதில் கிடைக்கிறது. பக்கத்து வீட்டுக்காரருக்கு ஒற்றி கொடுத்திருந்தால் அது ஏட்டில் இல்லாமலும் இருக்கலாம். அதை வாய்விட்டுக் கேட்டுத்தான் அறிய வேண்டும்.

பிறகு வங்கியின் எழுத்துச் சம்மதம். அதன் பிறகே நீதிமன்றத்தில் இணக்க நிபந்தனைகள், வங்கி சொன்ன தொகையும் தேதியும் அதில் அப்படியே. கடைசியில் உறுதிகள். விடுவிப்பு, மாற்று உறுதி, புதிய ஈடு மூன்றையும் ஒரே நாளில், வங்கிச் சட்டத்தரணியின் மேசையில் முடிப்பது பாதுகாப்பு. பதிவும் அதே வரிசையில் நடக்க வேண்டும். நொத்தாரிசு ஒரு மாதத்தில் முடித்த உறுதிகளின் இரண்டாம் பிரதிகளை அடுத்த மாதம் 15 ஆம் தேதிக்குள் பதிவகத்துக்கு அனுப்ப வேண்டும். ஆனால் அது உங்கள் உறுதி பதியப்பட்டது என்று அர்த்தமல்ல. மூல உறுதியைக் கொடுத்துப் பதிவிப்பது தனி வேலை. அதைத் தள்ளிப் போட்டால், பின்னால் வந்த உறுதி முந்திக்கொள்ளும்.

நன்கொடை உறுதியா, விலை உறுதியா?

இரண்டுக்கும் முத்திரைத் தீர்வை வேறு. அதைப் பார்த்துத்தான் பலர் நன்கொடையைத் தேர்கிறார்கள். ஆனால் நன்கொடையை மிகுந்த நன்றிகேடு என்ற காரணத்தால் திரும்பப் பெற வழக்குப் போட இடமுண்டு. மீளப்பெற முடியாதது என்று எழுதிய நன்கொடைக்கும் 2017 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டம் அந்த வழியைத் திறந்தே வைத்திருக்கிறது. மனக்கசப்போடு பிரிந்த இருவருக்கிடையில் இது சின்ன விடயமல்ல. வழக்கின் இணக்கப்படி, இன்ன உரிமைக்கும் கடன் பொறுப்புக்கும் பதிலாகக் கொடுக்கப்படுகிறது என்று காரணம் தெளிவாக எழுதிய உறுதியே எங்கள் தேர்வு. வேறு கடன்காரரிடமிருந்து ஒளிக்க மனைவி பேருக்கு எழுதினால், அந்தக் கடன்காரர் உறுதியை இரத்துச் செய்யக் கேட்கலாம்.

வழக்கு நடக்கும்போதே அவர் வீட்டை விற்கவோ மேலும் ஈடு வைக்கவோ பார்க்கிறார். தடுக்க முடியுமா?

பதிவகத்தில் எச்சரிக்கை மனு ஒன்று பதிந்தால், அந்தக் காணிக்கு உறுதி பதிய வரும்போது உங்களுக்கு அறிவித்தல் வரும். மாவட்ட நீதிமன்றத்தில் தடையுத்தரவு கேட்கலாம். அடி உதை, மிரட்டல் இருந்தால் 2005 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றம் தரும் பாதுகாப்புக் கட்டளையில், உங்களை நிர்க்கதியாக்கும் விதத்தில் குடும்ப வீட்டை விற்கவோ ஈடு வைக்கவோ தடை கேட்கலாம். சட்டத்தரணிக்குக் காசில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம்.

வழக்கு முடியும்வரை தவணையை யார் கட்டுவது?

யாராவது கட்டியே ஆகவேண்டும். வழக்கு நடக்கிறது என்பதற்காக வட்டி நிற்பதில்லை. "அவர் கட்டட்டும்" என்று இருவரும் ஆளையாள் பார்த்துக்கொண்டிருந்தால் தண்ட வட்டியும் இருவரையும் பார்த்து வளரும். வங்கிகளுக்கு 1990 ஆம் ஆண்டின் 4 ஆம் இலக்கச் சட்டப்படி வழக்கில்லாமலே ஏலம் போடும் அதிகாரம் உண்டு. பரேட் என்று சொல்வது இதைத்தான். 2011 இல் வந்த திருத்தம், முதல்தொகை 50 இலட்சம் ரூபாய்க்குக் குறைந்த கடன்களை இதிலிருந்து விலக்கியது. விலக்கப்பட்ட கடன் என்றாலும் வங்கி வழக்குப் போட்டு அறவிடலாம்.

கட்டுகிறவர் பற்றுச்சீட்டில் "செலுத்துபவர்" என்ற இடத்தில் தன் பேரையும் அடையாள அட்டை இலக்கத்தையும் எழுத வேண்டும். வழக்கமாக அந்த இடத்தில் கடனாளியின் பேரையே எழுதிவிடுகிறார்கள். பிறகு மனைவி கட்டிய 14 மாதக் காசும் கணவர் கட்டியதாகவே கணக்கில் நிற்கும். சீட்டின் மை சில மாதத்தில் மங்கும், உடனே நிழற்பிரதி எடுத்துவிடுங்கள்.

இடைக்காலத் தீர்ப்பாணை வந்துவிட்டது. இனி மணவுறவு இல்லைதானே?

இன்னும் இருக்கிறது. குறைந்தது மூன்று மாதம் கழித்து அது இறுதியாக்கப்பட வேண்டும். அதுவரை சட்டப்படி கணவன் மனைவிதான். இடையில் ஒருவர் இறந்தால் மற்றவர் துணை என்ற நிலையிலேயே உரிமை பெறுவார். இறுதித் தீர்ப்பாணையின் உறுதிப்படுத்திய பிரதி இல்லாமல் வங்கியோ பிரதேச செயலகமோ உங்களை விவாகரத்தானவராக ஏற்காது.

என் தம்பி பிணைக்குக் கையெழுத்து வைத்தவர். அவர் விடுபட்டாரா?

இல்லை. விவாகரத்து பிணையைத் தொடாது. வங்கிப் படிவத்தில் கையெழுத்து வைத்தபோதே, "முதலில் கடனாளியைப் பிடி, பிறகு என்னிடம் வா" என்று கேட்கும் உரிமையையும் அநேகமாக விட்டுக்கொடுத்திருப்பார். பேர் மாற்றம் பேசும்போதே பிணையாளி மாற்றத்தையும் சேர்த்துப் பேசுங்கள்.

கணவர் கனடாவில். கையெழுத்துக்கு எப்படி?

அங்குள்ள இலங்கைத் தூதரகத்தில் அற்றோணித் தத்துவம் (தன் சார்பில் கையெழுத்து வைக்க இன்னொருவருக்கு அதிகாரம் கொடுக்கும் பத்திரம்) முடித்து அனுப்பி, இங்கே பதிய வேண்டும். பொதுவாக "என் காணி அலுவல்கள்" என்று எழுதினால் வங்கி திருப்பிவிடும். காணியின் விபரம், கடன் இலக்கம், மாற்று உறுதி, ஈடு விடுவிப்பு, புதிய ஈடு, வழக்கில் இணக்கம் என ஒவ்வொரு அதிகாரமும் பேர் சொல்லி இருக்க வேண்டும். கொடுத்தவர் இறந்தால் அதிகாரமும் அன்றோடு போய்விடும்.

கடனைக் கட்டி முடித்தாயிற்று. வேறு ஏதாவது?

வங்கி தரும் "கடன் தீர்ந்தது" கடிதம் ஈட்டை நீக்காது. விடுவிப்பு உறுதி முடித்து அதைப் பதிவகத்தில் பதிய வேண்டும். பிறகு புதிய ஏட்டுப் பிரதி ஒன்று எடுத்து, ஈட்டுப் பதிவுக்கு எதிரே விடுவிப்பு ஏறியிருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். மூல உறுதியையும் பழைய ஈட்டு உறுதியையும் வங்கியிடமிருந்து வாங்கும்போது உறுதி இலக்கங்களை ஒவ்வொன்றாகச் சரிபார்த்த பிறகே கையெழுத்து வையுங்கள்.